மாமி கிண்டாத இடம்

மாமி அவித்த புட்டு ஒருநாளும் ஒழுங்காக வெந்ததில்லை. நிமிடத்துக்கொரு தரம் மூடியைத் திறந்து பார்ப்பார். ஆவியெல்லாம் அவர் முகத்தில் அடித்துவிட்டு முகட்டுக்குப் போய்விடும்.

"வெந்திட்டா இல்லியா எண்டு பாக்காம எப்பிடிக் கா தெரியும்?" என்று மகளிடம் கேட்பார்.

"நீங்க பாக்கிறதாலதான் வேகல்ல" என்பாள் மகள். "ஒருக்கா மூடிட்டு அங்கால போங்களன்."

போகமாட்டார். அரைவேக்காட்டுப் புட்டைத் தின்றுவிட்டு அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்.

மட்டக்களப்புக்கு வடக்கே, கடலோர மாங்கேணியில் எங்கள் வளவுக்கும் மாமியின் வளவுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி. எனக்கு அவர் சொந்த மாமி இல்லை. அப்பா அவரைத் தங்கச்சி என்று கூப்பிட்டதால் எனக்கு மாமி. ஊரில் அவருக்குப் பட்டப்பெயர் 'கிண்டு மாமி'. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

அடைகிடக்கிற கோழியைத் தூக்கிவிட்டு, முட்டைகளை ஒவ்வொன்றாக வெயிலுக்குப் பிடித்து உள்ளே குஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பார். ஒருமுறை கோழிக்கே பொறுக்கவில்லை. மாமியோடு கோபித்துக்கொண்டு எங்கள் விறகுக்குள் வந்து வெறும் கரியின்மேல் அடைகிடந்தது. அம்மா அதைத் தூக்கிக்கொண்டு போய், "மச்சாள், இந்தாங்க உங்கிட மருமகள். மாமியார்க் கொடுமை தாங்காம ஓடி வந்திட்டா" என்று கொடுத்தா.

மாமியின் தொழில் வெங்காயம். எங்கள் கரையோர மணலில் சின்ன வெங்காயம் நன்றாக வரும். நட்டால் தண்ணீர் ஊற்றிவிட்டுச் சும்மா இருக்கவேண்டும். மாமி மூன்றாம் கிழமையே பாத்திக்குள் இறங்கி, சுட்டுவிரலால் மணலை விலக்கி, குமிழ் கட்டிவிட்டதா என்று பார்க்கத் தொடங்குவார். அவர் தொட்ட பயிரில் பாதி வாடிப்போகும். மிச்சத்தில் சீவியம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா விரல் அடையாளம் வைக்கிறவர். ஊருக்கு ஒரு கடிதமோ படிவமோ வந்தால் என்னிடம் வரும். மாமியும் கொண்டுவருவார். ஆனால் வாசித்ததும் போகமாட்டார். "எந்த இடத்தில அப்பிடிக் கிடக்கு? விரல வெச்சிக் காட்டு மனே" என்பார். வைத்துக் காட்டுவேன். மாமிக்கு எழுத்துத் தெரியாது. என்றாலும் குனிந்து, என் விரல் நுனியில் கிடக்கும் எழுத்துகளை ஒரு பூச்சியைப் பார்ப்பதுபோல் உற்றுப் பார்த்துவிட்டு, "ம், கிடக்கு" என்று திருப்தியோடு எழும்புவார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அம்மா ஒருநாள் சொன்னா. முந்தின சண்டைக் காலத்தில், மகள் வயிற்றில் ஆறு மாதமாக இருந்தபோது, மாமியின் புருஷனை ஆமிக்காரர் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். வாழைச்சேனைப் பக்கத்து ஆள் ஒருவர் வந்து, "முகாமுக்க கண்டனான், நல்லாத்தான் இரிக்கான், வந்திருவான்" என்று சொன்னார். அந்தச் சொல்லை நம்பி மாமி வேறெங்கும் போய்த் தேடாமல் மூன்று வருடம் இருந்தார். பிறகு அதே ஆள் ஒருநாள் வந்து முற்றத்தில் குந்தி அழுதார். தான் காணவே இல்லையாம். அவள் பிள்ளைத்தாச்சி என்பதால் ஒரு ஆறுதலுக்குச் சொன்னாராம்.

"அண்டையிலிருந்துதான் அவக்கு எதையும் கண்ணால பாக்கணும்" என்றா அம்மா. 

இது எனக்குத் தெரியும் என்பதை இங்கே எழுதி வைக்கவேண்டும். பிறகு நான் செய்ததை, இதைத் தெரிந்துகொண்டுதான் செய்தேன்.

கடல் ஊருக்குள் வந்த அன்று மாமி வெங்காயப் பாத்தியில் நின்றார். மகள் கரைவலை இழுக்கிற இடத்துக்கு மீன் வாங்கப் போயிருந்தாள். பதினான்கு வயது. மாமியைத் தண்ணீர் தூக்கிக்கொண்டு போய் ஒரு பனையடியில் போட்டது. தகரம் தொடையை வெட்டியிருந்தது. வாழைச்சேனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மகளைக் காணவில்லை.

ஊர்ப் பொடியன்கள் நாங்கள் மூன்று நாளாக உடல்களைப் பொறுக்கினோம். பொறுக்கினோம் என்று எழுதக் கை கூசுகிறது, ஆனால் செய்த வேலை அதுதான். மூன்றாம் நாள், மீன் வாடியைத் தாண்டி நிற்கும் பூவரச மரங்களுக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு கிடங்கு கிண்டினோம். கடைசியாக வந்த உழவு மெசின் பெட்டியில் பச்சைப் பாவாடை உடுத்த ஒரு பிள்ளை குப்புறக் கிடந்தது. மாமியின் மகளிடமும் ஒரு பச்சைப் பாவாடை இருந்தது. முடி முகத்தை மூடியிருந்தது. ஒரு கையால் தோளைப் பிடித்துப் புரட்டியிருந்தால் யாரென்று தெரிந்திருக்கும்.

நான் புரட்டவில்லை. பயம். பிண மணம். பின்னால் நின்றவர் "கெதியா, கெதியா" என்றார். மண்ணைப் போட்டோம்.

பத்தாம் நாள் மாமி பள்ளிக்கூடத்து முகாமுக்கு வந்தார். ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். அழவில்லை.

"என்ட புள்ளயக் கண்டியா தம்பி?"

அந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் இருந்தன. பச்சைப் பாவாடை ஒன்றைக் கண்டேன், முகத்தைப் பார்க்கவில்லை என்பது ஒன்று. அதைச் சொன்னால் மாமி என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். மண்வெட்டியோடு பூவரசடிக்குப் போவார். பத்து நாளைக்குப் பிறகு அந்தக் கிடங்கைத் திறந்து ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார்.

"ஓம் மாமி, கண்டனான்" என்றேன்.

"முகத்த?"

"ஓம்."

"ஆரு மண் போட்ட?"

"நான்தான்."

"எந்தப் பக்கம்?"

"ரெண்டாவது பூவரசுக்கு நேர."

மாமி என் வலது கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பி, கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

இறப்புப் பதிவுப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். உடலை அடையாளம் கண்டவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்தேன். மாமி வழக்கம்போல, "எந்த இடத்தில அப்பிடிக் கிடக்கு?" என்று கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"ம், கிடக்கு."

அவர் பூவரசடிக்கு மண்வெட்டியோடு போகவில்லை. புட்டையும் கோழி முட்டையையும் நம்பாதவர் என் எழுத்தை நம்பினார்.

அந்த வருடம் மணல் உப்பாகிவிட்டது. வெங்காயம் நட்டால் இலை நுனி கருகி நின்றது. மாமியின் தொடைக்காயமும் ஆறவில்லை. பள்ளிக்கூடத்தில் நிவாரணக்காரர்கள் நடத்திய சிகிச்சை நிலையத்தில் ஒல்லாந்து நாட்டுத் தாதி ஒருத்தி இருந்தாள். கிழமைக்கு இரண்டு தரம் மாமிக்கு மருந்து கட்டுவாள். நான் நடுவில் நின்று மொழிபெயர்ப்பேன். கட்டைப் போட்ட மறுகணமே மாமி அதை அவிழ்த்துப் பார்ப்பார். தாதி தலையில் கைவைத்துக்கொள்வாள்.

மழைக்காலம் தொடங்குமுன் அவள் ஊருக்குப் போகிற நாள் வந்தது. போகுமுன் ஒரு கடதாசிப் பையைக் கொண்டுவந்து மாமியின் மடியில் வைத்தாள். உள்ளே ஐந்து கிழங்குகள். பெரிய வெங்காயம் போல, ஊதாத் தோலோடு, பளபளவென்று. எந்த நாட்டில் வேலை செய்தாலும் அவளுடைய தாய் ஒவ்வொரு வருடமும் இதை அனுப்பிவிடுவாளாம். ஹையசின்த் என்று பெயர். அவர்கள் நாட்டில் பனி கரைகிற மாதங்களில் பூக்குமாம். மணம் வீடு முழுக்க நிற்குமாம். வெங்காயம் நடுகிறவளிடம் கொடுத்தால் பிழைக்கும் என்று நினைத்தாள்.

"கறிக்குப் போடலாமா கேளு."

கேட்டேன். நஞ்சு என்றாள்.

"அப்ப என்னத்துக்கு?"

"பூவுக்கு மாமி."

"எந்த ஊர்க்காரி எண்டாய்? புளியந்தீவில கோட்டை வெச்சிருந்த ஆக்கள்ர ஊரா?"

"ஓம்."

"அவங்க கோட்டைய விட்டுட்டுப் போனாங்க. இவ வெங்காயத்த விட்டுட்டுப் போறா" என்றார் மாமி. மகள் போனபிறகு அவர் விட்ட முதல் பகிடி அது.

தாதி வளர்க்கும் முறையைச் சொன்னாள். இந்தக் கிழங்குக்கு முதலில் குளிர் வேண்டும். பத்துக் கிழமை குளிரிலும் இருட்டிலும் கிடந்தால்தான் தன்னுடைய நாட்டுப் பனிக்காலம் போய்விட்டது என்று நினைத்து முளைக்கும். ஈரம் படக்கூடாது. குளிர் முடிந்து மண்ணில் வைத்தபின் முளை தெரியும்வரை கிண்டக்கூடாது. பூ வெளியிலிருந்து வருவதில்லை, இப்போதே கிழங்குக்குள் சின்னதாக இருக்கிறது, நேரம் வந்தால் மேலே வரும், அவ்வளவுதான் என்றாள்.

"பூ இப்பவே உள்ளுக்க இரிக்கா?" என்றார் மாமி.

"ஓம் எண்டுறா."

தாதியின் வாகனம் பாலத்தைத் தாண்டியிருக்காது. மாமி ஒரு கிழங்கை அரிவாள்மணையில் வைத்து நேர் நடுவால் பிளந்துவிட்டார்.

"மாமி!"

"இஞ்ச பாரு மனே."

பார்த்தேன். வெள்ளைச் செதில்களுக்கு நடுவில், நெல்மணிகளை ஒட்டிவைத்தது போல், ஒரு விரல்நுனி அளவில் பூங்கொத்து ஒன்று இருந்தது. வெளிறிப்போய், கண் திறக்காத குஞ்சு மாதிரி. மாமி அதை நகத்தால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அன்று முழுக்க விரல்கள் கருணைக்கிழங்கு தொட்டதுபோல் கடித்தன. சொறிந்துகொண்டே இருந்தார். முகத்தில் வேறொரு வெளிச்சம்.

"ஆண்டுத் திவசத்துக்குப் பூக்குமா?" என்று கேட்டார்.

விரல்விட்டு எண்ணினேன். பத்துக் கிழமை குளிர், பிறகு மூன்று கிழமை வெளிச்சம். திவசத்துக்குப் பிறகும் சில நாள் போகும் போலிருந்தது. சொன்னேன்.

"கொஞ்சம் முந்தி எடுத்தாப் போச்சு" என்றார். அவருக்கு அந்தப் பூ ரெண்டாவது பூவரசடியில் வைப்பதற்கு வேண்டும்.

மாங்கேணியில் குளிருக்கு எங்கே போவது? வாடிக்குத் தினமும் காலையில் மீன் எடுக்க ஓட்டமாவடியிலிருந்து ஒரு முஸ்லிம் வியாபாரி லொறியில் வருவார். எல்லாருக்கும் அவர் காக்கா. ஐஸ் கட்டிகள் உமிக்குள் புதைந்து வரும். மாமி ஐஸ் வைக்கிற உடைந்த றெஜிபோம் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் நின்றார்.

"என்ன அக்கா, மீன் புடிக்கத் தொடங்கிட்டீங்களா?"

"இல்ல காக்கா. வெங்காயத்துக்கு ஐஸ் போடணும்."

காக்கா என்னைப் பார்த்தார். மாமிக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று கண்ணால் கேட்டார். நான் விளக்கினேன். அவர் ஐஸ் மேல் கிடந்த உமியை விலக்கிக்கொண்டே, "எங்கிட ஊர்ல ஆக்கள் மையித்துகள வைக்கத்தான் ஐஸ் தேடினாங்க கடல் வந்த நாளையில. வெங்காயத்துக்கும் வைப்பம். கொண்டாங்க பெட்டிய" என்று இரண்டு கைநிறைய அள்ளிப் போட்டார். அதற்குப் பிறகு லொறி வந்த நாளெல்லாம் கேட்காமலே போட்டார். "ஐஸ் வெங்காயம் என்ன சொல்லுது?" என்று கேட்பார்.

ஐஸ் வெங்காயம் நல்லதாக ஒன்றும் சொல்லவில்லை. மாமி பெட்டியைத் திறந்து திறந்து பார்த்ததில் ஐஸ் மத்தியானத்துக்குள் உருகித் தண்ணீராகி, அடியில் கிடந்த கிழங்கு அழுகிப் போனது. பிறகு நான் சொல்லி மற்றவற்றைப் பால்மா டின்னுக்குள் போட்டு மூடி, டின்னை ஐஸுக்குள் வைத்தோம். டின்னையும் திறந்தார். ஒன்றில் வேர் துளிர்த்திருந்ததைக் கண்டு, சந்தோசத்தில் வெளியே எடுத்து, அம்மாவுக்குக் காட்ட வேலியடிக்கு ஓடிவந்து, தடுக்கி விழுந்தார். வேர்கள் முறிந்தன. அது பிறகு எழும்பவில்லை.

இரண்டு மிஞ்சின. மாமி டின்னை என்னிடம் நீட்டினார்.

"என்ட கைய நம்பேலா தம்பி. இது உன்ட பொறுப்பு. நீ பாத்துச் சொல்லு. நீ பாத்தா நான் பாத்த மாதிரி."

நீ பாத்தா நான் பாத்த மாதிரி. பரீட்சையில் எடுத்த எந்தப் புள்ளியும் என்னை அவ்வளவு உயர்த்தியதில்லை. எந்தச் சொல்லும் அவ்வளவு கீழேயும் தள்ளியதில்லை.

கிழமைக்கு ஒருமுறை நான் டின்னைத் திறந்து பார்த்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். வேர் வந்தது என்றேன், வந்திருந்தது. பச்சை முனை தெரிகிறது என்றேன், தெரிந்தது. எட்டாம் கிழமையே வெளியே எடுக்கச் சொன்னார். எடுத்து, மணல் நிரப்பிய சட்டியில் வைத்தோம். அவசரப்பட்டதால் தண்டு நீளவில்லை. திவசத்துக்கு முந்தின நாள், இலைகளுக்கு நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு, கூனல் விழுந்த குட்டைப் பூங்கொத்து ஒன்று நீலமாக விரிந்தது. பூ கூனல்தான், மணத்தில் குறையில்லை. வேலியைத் தாண்டி எங்கள் அடுப்படிக்குள் வந்தது. "என்ன கா இது, கலியாண வீடு மாதிரி" என்று அம்மா எழும்பி வந்தா.

மறுநாள் காலையில் மாமி அந்தப் பூவைத் தண்டோடு வெட்டி, தலையில் சீலையை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஊர்ச் சனத்தோடு நடந்தார். ரெண்டாவது பூவரசுக்கு நேரே குந்தி, மணலைத் துடைத்து, வைத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்த இடம்தானே?"

ஊர் முழுக்க நின்றது. "ஓம் மாமி" என்றேன்.

ஐந்தாவது கிழங்கு பூக்கவில்லை, இலை மட்டும் விட்டது. இலை காய்ந்ததும் மாமி அதை உலர்ந்த மணலோடு டின்னுக்குள் வைத்தார். அடுத்த வருடம் அயலூர் பனிச்சங்கேணிப் பக்கம் ஷெல் விழத் தொடங்க ஊரோடு எழும்பி ஓடினோம். அம்மா அரிசிப் பானையைத் தூக்கினா. மாமி டின்னைத் தூக்கினார். தறப்பாள் கூடாரத்தில் ஐஸ் ஏது? கிழங்கு சிறுத்து உள்ளிப்பூண்டு அளவுக்கு வந்துவிட்டது. ஊருக்குத் திரும்பியபின் காக்காவின் லொறியும் வரவில்லை.

அதற்குள் நான் கம்பஸில் பட்டம் முடித்து, மட்டக்களப்பு நகரில், புளியந்தீவில் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் அலுவலகத்தில் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது என்று அம்மா பெருமையாகச் சொல்லியிருக்கிறா. வன்னியில் சண்டை கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்த அந்தத் தை மாதம் மாமி பஸ் ஏறி வந்து டின்னைத் தந்தார்.

"வீட்டில கிடந்தா நான் கிண்டிருவன். நீ வெச்சிரு. மொளைச்சாப் போன் பண்ணு."

சோற்றுப் பார்சல்களுக்கும் தயிர்ச்சட்டிக்கும் நடுவில் அந்த டின் இருந்தது. நாலு கிழமையில் திறந்து பார்த்தேன். கிழங்கு சாம்பல் பூத்து, அழுத்தினால் விரல் உள்ளே போகிற அளவுக்கு மெத்தென்று இருந்தது. ஒரு கடதாசியில் சுற்றிக் குப்பைக்குள் போட்டேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். மாமி போனில் கேட்டார், "என்ன சொல்லுது தம்பி?" குரலில் அப்படியொரு ஆவல். "இன்னும் ஒண்டுமில்ல மாமி" என்றேன். பங்குனியில் மறுபடி கேட்டார். "மொளை தெரியுது" என்றேன். வாய் தானாகச் சொன்னது. ஒருமுறை பழகிய வாய்.

சித்திரையில் இரண்டு இலை வந்துவிட்டது என்றும் சொல்லியிருக்கிறேன்.

சண்டை முடிந்தது. வவுனியா முகாம்களில் கம்பிக்குப் பின்னால் சனம். எங்கள் பக்கத்திலிருந்தும் பிள்ளைகளைத் தேடிப் போகத் தொடங்கினார்கள். ஆடி மாதம் ஒருநாள் மாமி அலுவலக வாசலில் வந்து நின்றார். கதிரையில் இருக்கச் சொன்னேன். நுனியில் இருந்தார்.

"பனிச்சங்கேணியில ஒருத்தி, தம்பி. மகனத் தேடி வவுனியாவுக்குப் போய் வந்தவள். ஒரு புள்ளயக் கண்டாளாம். பத்தொன்பது வயசிருக்குமாம். என்ட மூஞ்சி அப்பிடியே எண்டுறாள். சுனாமியண்டு காயத்தோட உழவு மெசினில ஏத்தி வடக்க கொண்டுபோன புள்ளயாம், சொந்த ஊர் மாங்கேணி எண்டு சொன்னதாம். பேர் கேக்கமுதல் ஆமிக்காரன் விலக்கிட்டானாம்."

நான் மேசையில் கிடந்த கடதாசிகளை நேராக அடுக்கினேன்.

"நான் அவளுக்கு நல்ல ஏச்சுக் குடுத்தன். என்ட புள்ள பூவரசடியில கிடக்கு, எங்கிட தம்பி கண்ணால பாத்து மண் போட்டவன் எண்டு சொன்னன்." என்னை நிமிர்ந்து பார்த்தார். "பாத்தநீதானே மனே?"

நான்கரை வருடமாகியும் கேள்வி அதேதான். அந்த முகாமில் நிற்கிற பிள்ளை யாரோ. பூவரசடியில் கிடக்கிற பிள்ளையும் யாரோ. எனக்கு இரண்டும் தெரியாது.

"ஓம் மாமி" என்றேன். "பாத்தனான்."

"அப்ப சரி."

எழும்பினார். சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். வந்த வேலை முடிந்தது போல் வாசல்வரை போய், திரும்பினார்.

"டின்னத் தா மனே. ரெண்டு இலை வந்தா இனி வெளிச்சத்தில வைக்கணும். நான் கிண்டமாட்டன், வளந்ததுதானே."

அலுவலகத்துப் பியோன் பெரியவர் பக்கத்து மேசையிலிருந்து அந்த டின்னை எடுத்து நீட்டினார். பேனைகள் போட்டு வைத்திருந்தோம்.

மாமி டின்னுக்குள் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கிழங்கு அழுகிப் போச்சு மாமி."

"எப்ப?"

"மாசியில."

"பங்குனியில மொளைச்ச எண்டாய்."

நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சித்திரையில ரெண்டு இலை எண்டாய்."

வெளியே வாவிப் பக்கத்திலிருந்து காற்று வந்து கடதாசிகளைப் புரட்டியது. மாமி மறுபடி கதிரையில் இருந்தார். கோபம் இல்லை. படிவம் கொண்டுவருகிற நாட்களில் இருக்கிற அதே கவனம்.

"அப்ப மற்றது?"

என்னால் நிமிர ஏலவில்லை. அவருக்கு அது போதும். எழுத்துத் தெரியாதவர், என் முகத்தில் எந்த இடத்தில் என்ன கிடக்கிறது என்று விரல் வைக்காமலே பார்த்துவிட்டார்.

"பச்சைப் பாவாடை மாமி" என்றேன். "குப்புறக் கிடந்த. நான் புரட்டிப் பாக்கல்ல."

மாமி பேனைகளை ஒவ்வொன்றாக டின்னிலிருந்து எடுத்து மேசையில் அடுக்கினார். டின்னைக் கைப்பைக்குள் வைத்தார்.

"ஊருக்க நான் கிண்டிப் பாக்காத இடம் அது ஒண்டுதான் மனே" என்றார். "நீ சொன்னாய் எண்டு."

அன்றைக்கு மாமி மாங்கேணிக்குப் போகவில்லை. உடுத்த சீலையோடு வவுனியா பஸ் ஏறினார் என்று பிறகு அறிந்தேன். பூவரசடியில் இனிக் கிண்டவும் ஏலாது, நினைவுத்தூண் என்று யாரோ சீமெந்து போட்டு மூடிவிட்டார்கள். மகளின் படம் ஒன்றும் மாமியிடம் இல்லை, கடல் எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டது. படத்தைக் காட்டிக் கேட்க வழியில்லாததால் ஒவ்வொரு முகாமாகப் போய்க் கம்பிக்கு வெளியே நின்று முகம் முகமாகப் பார்த்தாராம். பனிச்சங்கேணிக்காரி கண்ட பிள்ளை அதற்குள் வேறு முகாமுக்கு மாற்றப்பட்டிருந்தாள். அந்த முகாமுக்குப் போனபோது அங்கிருந்தும் வெளியே விட்டிருந்தார்கள். எந்த ஊருக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. தேடிப் போக நானும் கூட வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியனுப்பினேன். வேண்டாம் என்றாராம்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒருநாள் மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். நன்றாக மெலிந்திருந்தார். வடக்கிலிருந்து வந்த பஸ் ஒன்றிலிருந்து இறங்குகிறவர்களுக்கு எதிரே நின்று, இளம் பெண்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிலர் கோபித்தார்கள். ஒருத்தி, "என்னம்மா, என்ன பாக்குறீங்க?" என்று கேட்டாள். "ஒண்டுமில்ல புள்ள, போ" என்றார்.

நான் கிட்டப் போனேன். என்னைக் கண்டதும் முகம் மாறவில்லை.

"சாப்பிட்டியா தம்பி?"

"ஓம் மாமி. நீங்க?"

அடுத்த பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அந்தக் கிழங்க அழுகினதெண்டு எறிஞ்சாயே. நடுவால வெட்டிப் பாத்தியா?"

"இல்ல மாமி."

"வெளியதான் அழுகியிருக்கும்" என்றார். "உள்ளுக்க பாத்திருக்கலாம்."

பஸ் வந்து நின்றது. மாமி என்னை விலக்கிக்கொண்டு கதவடிக்குப் போனார்.